மூன்று குளிசை போட்டும் இறங்காத பிறசர்: நரம்பு சுடும் சிகிச்சைக்குப் போக நினைப்பவர்களுக்கு

ஒருநாள் இரவு ரொறன்ரோவிலிருந்து அண்ணா எடுத்தார். "தம்பி, அம்மாவின்ரை பிறசருக்கு இப்ப நரம்பைச் சுடுற சிகிச்சை ஒண்டு வந்திருக்காம். சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போ, காசு நான் அனுப்புறன்" என்றார். அவருடைய அம்மா எனக்குப் பெரியம்மா. யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கு நாலு வேலி தள்ளி இருக்கிறார். வயது 67. நான்கு விதமான பிறசர்க் குளிசை போட்டும் கிளினிக்கில் மேல் எண் 170-க்குக் கீழே வந்ததே இல்லை.

பெரியம்மாவுக்கு அந்தச் சிகிச்சை கடைசியில் தேவைப்படவில்லை. ஆனால் அதே காலத்தில் அம்மாவின் தம்பி, என் மாமா, அதைச் செய்துகொண்டார். இரண்டு பேரையும் கிளினிக்குக்கும் ஸ்கானுக்கும் ஏற்றி இறக்கியவன் நான். நான் வைத்தியர் அல்ல. கேட்டும் வாசித்தும் கூடவே நின்று பார்த்தும் அறிந்ததை, இந்த வழியில் புதிதாகக் கால் வைப்பவர்களுக்காக எழுதுகிறேன். குளிசைகளைப் பற்றி நான் சொல்வது எதையும் உங்கள் டொக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

இது என்ன சிகிச்சை

மூளையிலிருந்து வரும் பரிவு நரம்புகள், சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியின் வெளிச்சுவரில் கொடி படர்ந்ததுபோல் சுற்றிக்கொண்டு சிறுநீரகத்துக்குப் போகின்றன. இவை அளவுக்கு மீறித் துடிப்பாக இருந்தால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும். ரெனின் என்ற சுரப்பைக் கூட்டும். இரத்தக் குழாய்கள் இறுகும். சிறுநீரகத்திலிருந்து மூளைக்குத் திரும்பிப் போகும் நரம்புகளும் உண்டு. அவை உடம்பு முழுவதற்குமான பதற்றத்தைக் கூட்டிவிடும். தொடை மடிப்பில் ஊசித் துளை போட்டு, நாடி வழியாக மெல்லிய குழாயொன்றைச் சிறுநீரக நாடிக்குள் செலுத்தி, உள்ளேயிருந்து சூடு கொடுத்து அந்த நரம்புகளைச் செயலிழக்கச் செய்வதுதான் இந்தச் சிகிச்சை. வயிற்றைக் கீறுவதில்லை, தையல் இல்லை.

எண்ணம் பழையது. பிறசருக்கு நல்ல குளிசைகள் இல்லாத 1930-கள் தொடங்கி 1950-கள் வரை முதுகைக் கீறிப் பரிவு நரம்புகளையே வெட்டியிருக்கிறார்கள். பிறசர் இறங்கியது. ஆனால் எழுந்து நின்றால் தலை சுற்றி விழும் நிலை வந்தது. குளிசைகள் வந்தபின் அந்த அறுவைச் சிகிச்சை கைவிடப்பட்டது. 2009-இல் மெல்பேர்ணைச் சேர்ந்த வைத்தியர் ஹென்றி கிரம் தலைமையிலான குழு, குழாய் வழியாக இதைச் செய்யலாம் என்று முதல் முடிவுகளை வெளியிட்டது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2023 நவம்பரில் இதற்கான இரண்டு கருவிகளுக்கு அனுமதி கொடுத்தது. ஒன்று ரேடியோ அலையால் சூடாக்கும் சிம்ப்ளிசிட்டி ஸ்பைரல், மற்றது கேளா ஒலியால் சூடாக்கும் பாரடைஸ். அண்ணாவின் காதுக்கு எட்டியது இந்தச் செய்திதான்.

முதற்படி: பிறசர் உண்மையிலேயே அடங்காமல்தான் இருக்கிறதா?

இந்தப் படிதான் நீளமானது. பெரியம்மாவின் கதை பாதிக்குமேல் இங்கேயே முடிந்துவிட்டது.

வைத்தியர்கள் 'அடங்காத பிறசர்' என்று சொல்வதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறார்கள். மூன்று வெவ்வேறு வகைக் குளிசைகள், அதில் ஒன்று சலம் போக்கும் குளிசை, மூன்றும் உடம்பு தாங்கக்கூடிய முழு அளவில். அப்படியும் இலக்குக்கு இறங்காவிட்டால்தான் அந்தப் பெயர். வழக்கமாக அந்த மூன்றும் லோசாட்டன் அல்லது எனலப்பிரில் வகையில் ஒன்று, அம்லோடிபின் அல்லது நிபெடிபின் வகையில் ஒன்று, ஹைட்ரோகுளோரோதயசைட் போன்ற சலக்குளிசை ஒன்று. கிளினிக் கொப்பியை எடுத்து நீங்களே பாருங்கள். பெரியம்மாவின் கொப்பியில் நான்கு பெயர் இருந்தது, சலக்குளிசை மட்டும் இல்லை. இரவில் அடிக்கடி எழும்ப வேண்டியிருக்கிறது என்று எப்போதோ அவரே கேட்டு நிறுத்தியிருக்கிறார்.

அடுத்தது, பிறசரை எங்கே எப்படி அளந்தார்கள் என்பது. கிளினிக் நாளை நினைத்துப் பாருங்கள். இலக்கம் எடுக்க விடிய ஐந்து மணிக்கே எழும்பி, பஸ் பிடித்து, வெறுவயிற்றோடு வாங்கில் இருந்து, சலம் வந்தாலும் இடம் போய்விடும் என்று அடக்கி, பெயர் கூப்பிட்டதும் விறுவிறுவென்று நடந்துபோய்க் கையை நீட்டுகிறோம். இரத்தப் பரிசோதனை இருக்கிறது என்று காலைக் குளிசையையும் போடாமல் வருபவர்கள் நிறையப் பேர். பெரியம்மாவும் அப்படித்தான் வருடக்கணக்காகச் செய்திருக்கிறார். அன்றைக்கு வரும் 174-ஐப் பார்த்து டொக்டர் மருந்தைக் கூட்டுகிறார். அவர் கண்ணில் படுவது அந்த ஒரு எண்தான். வெறுவயிற்றுப் பரிசோதனை நாளிலும் கொஞ்சம் தண்ணீரோடு பிறசர்க் குளிசையைப் போடலாமா என்று முதல் வேலையாகக் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் போடலாம் என்றே சொல்வார்கள்.

வீட்டில் அளக்க மேற்கையில் சுற்றும் மின்னணுக் கருவி வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். சுற்றும் பட்டி கையின் பருமனுக்குப் பொருந்த வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டி போட்டால் இல்லாத பிறசரைக் காட்டும். அளக்க முந்திய அரை மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணி, கோப்பி, சுருட்டு வேண்டாம். சலம் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் நிலத்தில் பதிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். கையை மேசையில் நெஞ்சு மட்டத்துக்கு வையுங்கள். காலையில் குளிசைக்கு முன் இரண்டு தடவை, இரவில் இரண்டு தடவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிட இடைவெளி. ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மிச்ச ஆறு நாளின் சராசரியை எடுங்கள். வீட்டுச் சராசரி 135/85-ஐத் தாண்டினால் கூடுதல் என்று கொள்வார்கள். ஒரு எண் மட்டும் கூடி வந்தால் பயந்துபோய்த் திரும்பத் திரும்ப அளக்காதீர்கள். பயத்தில் அது இன்னும் ஏறும்.

இதைவிடத் திருத்தமானது 24 மணித்தியாலக் கருவி. இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி, கையில் பட்டி. பகலில் 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை தானே இறுக்கி அளக்கும், இரவு நித்திரையிலும் அளக்கும். முழுநாள் சராசரி 130/80-க்கு மேல் என்றால் கூடுதல். இந்த அறிக்கை இல்லாமல் நரம்புச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும் இடத்துக்குப் போகாதீர்கள் என்றே சொல்வேன்.

பெரியம்மாவின் வீட்டுச் சராசரி 152/84 வந்தது. கூடத்தான். ஆனால் 174 இல்லை.

இரண்டாம்படி: வீட்டிலிருக்கும் எதிராளிகள்

பெரியம்மாவின் அலுமாரியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. முழங்கால் நோவுக்குப் பாமசியில் டொக்டரின் துண்டு இல்லாமல் வாங்கிய டைக்ளோபெனாக். காலையும் இரவும் ஒவ்வொன்று, மூன்று வருடமாக. கிளினிக்கில் இதைச் சொன்னீர்களா என்று கேட்டேன். "அது நோக் குளிசையடா, பிறசருக்கும் அதுக்கும் என்ன?" என்றார். டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் போன்றவை உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்து வைக்கும், பிறசர்க் குளிசைகளின் வேலையைக் குறைக்கும், சிறுநீரகத்தையும் தாக்கும். அவருக்கு டொக்டர் அதை நிறுத்திப் பனடோலும் தைலமும் உடற்பயிற்சியும் சொன்னார்.

ஆகவே வீட்டிலிருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு டொக்டரின் மேசையில் கொட்டுங்கள். மூக்கடைப்புக்கான குளிசைகள், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொயிட்டுகள், குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை, எல்லாம் பிறசரை ஏற்றக்கூடியவை. நாட்டு மருந்தையும் சேர்த்துக் காட்டுங்கள். அதிமதுரம் தொடர்ந்து கூடுதலாகச் சாப்பிட்டால் உப்பைப் பிடித்துப் பொட்டாசியத்தை இறக்கிப் பிறசரை ஏற்றும். இருமலுக்கு இரண்டு நாள் சுவைப்பதைச் சொல்லவில்லை. நாள்தோறும் கசாயம் குடிப்பவர்களைச் சொல்கிறேன்.

குளிசையை ஒழுங்காகப் போடுகிறோமா என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். சலத்தைப் பரிசோதித்து மருந்து இருக்கிறதா என்று பார்த்த ஆய்வுகளில், 'அடங்காத பிறசர்' என்று வந்தவர்களில் கணிசமானோர் குளிசைகளை முழுதாகப் போடாதவர்களாக இருந்தார்கள். இதைக் குற்றமாகப் பார்க்கக் கூடாது. தலை சுற்றுகிறது, கால் வீங்குகிறது, கொழும்புக்குப் போகும்போது பஸ்ஸில் சலம் வருகிறது, குளிசை முடிந்துவிட்டது, அடுத்த கிளினிக் இரண்டு கிழமை கழித்து; காரணங்கள் எல்லாம் உண்மையானவை. டொக்டரிடம் அதைச் சொன்னால் வகையை மாற்றித் தரலாம். சொல்லாவிட்டால் அளவைத்தான் கூட்டுவார்.

உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி, எல்லாச் சாப்பாட்டுக்கும் சேர்த்து. நம்முடைய சாப்பாட்டில் அது கருவாட்டிலும் மோர்மிளகாயிலும் ஊறுகாயிலும் அப்பளத்திலும் பின்னேர மிக்சரிலும் பாணிலும் ஒளிந்திருக்கிறது. கருவாடு போட்ட கூழை நான் விடச் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை குடிப்பதும் வாரம் மூன்று நாள் கருவாட்டுக் குழம்பும் ஒன்றல்ல. 'பிறசர்காரருக்கான உப்பு' என்று விற்பவற்றில் பொட்டாசியம் இருக்கும். லோசாட்டனோ ஸ்பைரோனோலக்டோனோ போடுகிறவர்களும் சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. இரத்தத்தில் பொட்டாசியம் அளவுக்கு மீறினால் இதயத் துடிப்பே குழம்பிவிடும்.

மூன்றாம்படி: பிறசருக்குப் பின்னால் வேறு வருத்தம் இருக்கிறதா?

இதைத் தேடாமல் நரம்பைச் சுடுவது, ஓடு உடைந்த வீட்டில் ஒழுக்குக்குக் கீழே வாளி வைப்பதுபோல.

முதலில் பார்க்க வேண்டியது அல்டொஸ்டரோன். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் அதிரினல் சுரப்பி இந்தச் சுரப்பைக் கூடுதலாக விட்டால் உப்புத் தேங்கும், பிறசர் ஏறும். அடங்காத பிறசர் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் வரைக்கும் இது இருக்கலாம். பொட்டாசியம் குறைந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் சரியாக இருந்தாலும் இது இல்லையென்று ஆகாது. அல்டொஸ்டரோனையும் ரெனினையும் இரத்தத்தில் அளந்து விகிதம் பார்ப்பார்கள். ஒரு பக்கச் சுரப்பி மட்டும் காரணம் என்று உறுதியானால், வயிற்றில் சிறு துளைகள் போட்டு அந்தச் சுரப்பியை எடுத்துவிடலாம். இப்படித் துளை வழியாக எடுப்பது 1992-இலிருந்து நடக்கிறது. இரண்டு பக்கமும் என்றால் ஸ்பைரோனோலக்டோன் குளிசையே சிகிச்சை. நரம்புச் சிகிச்சையைவிட இந்த வழி ஒருவருக்குப் பொருந்தினால் கிடைக்கும் பலன் பெரிது. அதனால்தான் இந்தப் பரிசோதனையைக் கேட்டுக் கேட்டுச் செய்விக்கச் சொல்கிறேன்.

அடுத்தது சிறுநீரக நாடி ஒடுங்கியிருப்பது. லோசாட்டன், எனலப்பிரில் தொடங்கியதும் இரத்தத்தில் கிரியேற்றினின் (சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ஏறும் கழிவு) திடீரென்று ஏறினால், அல்லது இளம் பெண்ணுக்கு இவ்வளவு பிறசர் என்றால் டொக்டர்கள் இதை நினைப்பார்கள். இளம் பெண்களுக்கு வரும் நார்த்தசை ஒடுக்கத்துக்குப் பலூன் வைத்து விரித்தால் நல்ல பலன் உண்டு. வயதானவர்களுக்குக் கொழுப்புப் படிந்து வரும் ஒடுக்கம் வேறு கதை. 2014-இல் வெளிவந்த கோரல் என்ற பெரிய ஆய்வில், குளிசையோடு ஸ்டென்ற் என்ற வலைக்குழாயை நாடிக்குள் வைத்தவர்களுக்கும் குளிசை மட்டும் போட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகக் கேடு என்பவற்றில் வேறுபாடு இருக்கவில்லை. ஆகவே ஸ்கானில் ஒடுக்கம் தெரிகிறது என்றதும் ஸ்டென்ற் என்று ஓட வேண்டாம். திடீர் திடீரென்று நுரையீரலில் நீர் கட்டுவது போன்ற சில நிலைகளில் மட்டும் அதற்கு இடம் உண்டு.

குறட்டையை யாரும் வருத்தமாக எடுப்பதில்லை. நித்திரையில் மூச்சு நின்று நின்று வருவதாகப் பக்கத்தில் படுப்பவர் சொன்னால் அதை டொக்டருக்குச் சொல்லுங்கள். தைரொயிட்டு, சிறுநீரக வருத்தம், திடீரென்று படபடத்து வியர்த்துத் தலையிடிக்கச் செய்யும் ஒருவகைக் கட்டி ஆகியவை இருக்கிறதா என்றும் டொக்டர் பார்ப்பார்.

இதெல்லாம் சரியென்றால் நான்காவது குளிசை. 2015-இல் வெளிவந்த பாத்வே-2 என்ற ஆய்வில், மூன்று குளிசைக்கு அடங்காதவர்களுக்கு நான்காவதாகச் சேர்த்தவற்றில் ஸ்பைரோனோலக்டோன் மற்றவற்றைவிட நன்றாக வேலை செய்தது. விலையும் குறைந்தது. பொட்டாசியத்தையும் கிரியேற்றினினையும் இடைக்கிடை பார்க்க வேண்டும். ஆண்களுக்கு மார்பு நோவும் வீக்கமும் வரலாம். பெரியம்மாவுக்குச் சலக்குளிசையைக் காலை நேரத்துக்கு மாற்றித் திரும்பத் தொடங்கி, டைக்ளோபெனாக்கை நிறுத்தி, இதையும் கால் அளவில் சேர்த்தார்கள். மூன்று மாதத்தில் வீட்டுச் சராசரி 131/78. அண்ணாவுக்கு எடுத்துச் சொன்னேன். சென்னைக் காசில் ஒரு நல்ல பிறசர்க் கருவி மட்டும் வாங்கினோம்.

நான்காம்படி: இது எவ்வளவு இறக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மாமாவுக்கு இவ்வளவும் பார்த்தும் இறங்கவில்லை. ஐந்து குளிசை, 24 மணித்தியாலச் சராசரி 158. ஸ்பைரோனோலக்டோன் போட்டால் பொட்டாசியம் ஏறியது. அவருக்குத்தான் இந்தச் சிகிச்சை பொருத்தம் என்று இதய வைத்தியர் சொன்னார்.

தொடக்க ஆய்வுகளில் பிறசர் 25, 30 புள்ளி இறங்கியதாக வந்ததும் உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் 2014-இல் அமெரிக்காவில் 535 பேரை வைத்து ஒழுங்காகச் செய்தார்கள். சிலருக்கு உண்மையான சிகிச்சை. மற்றவர்களுக்குக் குழாய் விட்டுப் படம் மட்டும் எடுத்து, நரம்பைத் தொடாமல் விட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஆறு மாதத்தில் உண்மையான சிகிச்சை பெற்றவர்களுக்குச் சுமார் 14 புள்ளி இறங்கியது, மற்றவர்களுக்குச் சுமார் 12. அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்க முடியவில்லை. நல்ல கவனிப்பு, ஒழுங்காகக் குளிசை போடுவது ஆகியவற்றுக்கே அவ்வளவு இறங்கிவிடுகிறது என்பதுதான் அதில் தெரிந்தது.

அதற்குப்பின் கருவியையும் முறையையும் திருத்தினார்கள். நாடியின் கிளைகளிலும் சூடு கொடுத்தார்கள், நாலு பக்கமும் படும்படி செய்தார்கள். 2021-இல் வெளிவந்த ரேடியன்ஸ் ட்ரையோ ஆய்வில், மூன்று மருந்தும் ஒன்றாய்ச் சேர்ந்த ஒரே குளிசை போட்டும் அடங்காத 136 பேருக்குக் கேளா ஒலி முறையைச் செய்து பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் பகல்நேர மேல் எண் 8 புள்ளி இறங்கியது. படம் மட்டும் எடுத்தவர்களுக்கு 3. சிகிச்சையால் மட்டும் கிடைத்தது ஐந்து புள்ளிக்குச் சற்றுக் குறைவு. ரேடியோ அலை முறையிலும் சராசரி இறக்கம் இதைவிடப் பெரிதில்லை.

ஐந்து புள்ளி என்றதும் மாமா, "இதுக்கோ இவ்வளவு பாடு?" என்றார். அது நியாயமான கேள்வி. குளிசை ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில் மேல் எண் 5 புள்ளி இறங்கினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் பத்தில் ஒரு பங்கு குறைகின்றன. ஆனால் நரம்புச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு மாரடைப்புக் குறைந்தது என்று நேரடியாகக் காட்டும் ஆய்வு இல்லை. ஐந்து என்பதும் சராசரி. சிலருக்கு 20 இறங்கும், சிலருக்கு ஒன்றும் இறங்காது. யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்லத் திருத்தமான பரிசோதனை கிடையாது. மூன்று வருடம் தொடர்ந்து பார்த்தவர்களில் இறக்கம் நிலைத்திருந்திருக்கிறது.

"இதைச் செய்தால் பிறகு குளிசையே வேண்டாம்" என்று எங்களுக்கு ஓர் இடத்தில் சொன்னார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஐந்தாம்படி: தகுதி பார்த்தல்

சிறுநீரகம் ஓரளவு நன்றாக வேலை செய்ய வேண்டும். ஈஜிஎப்ஆர் என்ற கணக்கு 40-க்கு மேல் இருப்பவர்களைத்தான் ஆய்வுகளில் பெரும்பாலும் எடுத்தார்கள். சீற்றி ஸ்கான் போன்ற படத்தில் சிறுநீரக நாடிகளின் அகலமும் வடிவமும் பார்ப்பார்கள். மிக ஒடுங்கியதாகவோ ஏற்கெனவே ஸ்டென்ற் வைத்ததாகவோ இருந்தால் செய்ய மாட்டார்கள். கர்ப்பிணிகளுக்குச் செய்வதில்லை. சிலருக்கு ஒரு சிறுநீரகத்துக்கு இரண்டு நாடி இருக்கும். அது முன்பே தெரிய வேண்டும்.

கழுத்தில் சிறு கருவி பதித்து அங்குள்ள அழுத்த உணரிகளைத் தூண்டும் முறை, நாடியின் வெளிப்புறத்தில் மதுசாரம் செலுத்தி நரம்பை அழிக்கும் முறை என்று வேறும் உண்டு. புதிதாக வருபவர் அவற்றில் மனதைச் செலவழிக்கத் தேவையில்லை.

ஆறாம்படி: எங்கே, எப்படி, எவ்வளவு

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ உங்கள் ஆதார வைத்தியசாலையிலோ நீங்கள் காட்டும் கிளினிக்கிலிருந்தே தொடங்குங்கள். முதல் மூன்று படிக்கும் வேண்டியதில் பெரும்பகுதியை அங்கே காசில்லாமல் பார்க்கலாம். இதய வைத்தியரிடம் துண்டு வாங்கி, இந்தச் சிகிச்சையை இப்போது கொழும்பில் யார் செய்கிறார்கள் என்று அவரிடமே கேளுங்கள். இந்தியாவில் சில பெரிய இதய மருத்துவமனைகளில் செய்கிறார்கள். மாமா சென்னைக்குப் போனார். பலாலியிலிருந்து நேரே விமானம் இருப்பதால் கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போவதைவிட அவருக்கு அது இலேசாக இருந்தது. மருத்துவ விசாவும் துணைக்குப் போகிறவருக்குத் தனி விசாவும் உண்டு.

மருத்துவமனையிடம் செலவை எழுத்தில் கேளுங்கள்: கருவி, படங்கள், படுக்கை, மயக்க மருந்து, ஏதும் சிக்கல் வந்து இரண்டு நாள் கூட நின்றால் எவ்வளவு, எல்லாம் சேர்த்து. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் அந்தக் குழாய்தான் செலவில் பெரும்பங்கு. டொக்டரிடம் நேரே கேட்க வேண்டியவை: இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? எந்தக் கருவி? அல்டொஸ்டரோன் பார்த்த அறிக்கை உங்களுக்கு வேண்டாமா? ஊருக்குத் திரும்பியபின் யார் பார்ப்பது? கடைசிக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்க வேண்டும், உங்கள் யாழ்ப்பாண டொக்டரும் அதற்குச் சம்மதித்திருக்க வேண்டும்.

கிளினிக் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குளிசைகளைக் குறைந்தது மூன்று கிழமைக்குக் கையில் கொண்டுபோங்கள். இரத்தம் இளக்கும் குளிசை, சீனி வருத்தத்துக்கு மெற்போமின் போடுகிறவர்கள் அதை முன்பே சொல்ல வேண்டும். படத்துக்குச் செலுத்தும் சாயத்தால் சிறுநீரகம் பாதிக்கலாம் என்பதால் எதை எப்போது நிறுத்துவது என்று அவர்கள் சொல்வார்கள்.

சிகிச்சை நாள்

மாமாவை வெறுவயிற்றோடு உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே வர ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடச் சென்றது. தொடை மடிப்பை மரக்கப் பண்ணி, இரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏற்றி, பெருநாடி வழியாகக் குழாயை மேலே விடுவார்கள். மாமாவுக்குச் செய்தது ரேடியோ அலை முறை. குழாயின் நுனி நாடிக்குள் ஸ்பிரிங்போலச் சுருளும். அதிலிருக்கும் நான்கு மின்முனைகள் ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் சூடு கொடுக்கும். கேளா ஒலி முறையில் ஒரு பலூனுக்குள் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டிருக்கும். நாடியின் உட்சுவர் வேகாமல், வெளிப்புற நரம்பு மட்டும் சூடாகும். ஒரு இடத்துக்கு ஏழு விநாடிதான்.

சூடு கொடுக்கும்போது நாரிப் பக்கம் ஆழமாக நோகும். அதற்காகத்தான் அரைமயக்கமும் நோ மருந்தும் கொடுக்கிறார்கள். "நாரியுக்கை ஆரோ சுடுதண்ணி ஊத்தின மாதிரி, ஆனா நிண்டுட்டுது" என்றார் மாமா. நோவை அடக்கிக்கொண்டு கிடக்க வேண்டாம், நொந்தால் சொல்லுங்கள்; மருந்தைக் கூட்டுவார்கள்.

பிறகு சில மணித்தியாலம் காலை மடக்காமல் மல்லாக்கப் படுக்க வேண்டும். அன்றிரவு அங்கேயே தங்க வைப்பார்கள். பெரும்பாலும் அடுத்த நாள் விடுவார்கள். வரக்கூடிய சிக்கல்களில் கூடுதலாக வருவது துளையிட்ட இடத்தில் இரத்தம் கண்டிப்போவது. அந்த நாடியில் பொய்வீக்கம் (கசிந்த இரத்தம் நாடியருகே தேங்கி வீங்குவது), சிறுநீரக நாடியின் உட்சுவர் கிழிதல், பின்னாளில் ஒடுக்கம் என்பவை அரிது. ஆனாலும் கையெழுத்து வைக்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை.

வீட்டுக்கு வந்தபின்

ஒரு கிழமைக்குப் பாரம் தூக்க வேண்டாம், கிணற்றில் வாளியால் அள்ள வேண்டாம், சைக்கிள் வேண்டாம். குந்தியிருப்பதையும் குறையுங்கள். துளையிட்ட இடத்தில் கையளவு நீலம் பாரித்தால் பெரும்பாலும் தானே மாறும். வீக்கம் பெருத்துத் துடித்தால், கால் குளிர்ந்து வெளிறினால், காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரத்தம் பாய்ந்தால் படுக்க வைத்து, துளைக்குச் சற்று மேலே கையால் அழுத்திப் பிடித்தபடி 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள்.

குளிசைகளைப் பழையபடியே போட வேண்டும். பிறசர் அடுத்த நாளே இறங்காது. கிழமைக்கணக்கில், மாதக்கணக்கில்தான் மெல்ல இறங்கும். மூன்றாம் கிழமை மாமாவுக்கு 160 வந்தபோது வீடே சோர்ந்துபோனது. சென்னை டொக்டர் இதை முதலே சொல்லியிருந்தும் எங்கள் மனம் அதைக் கேட்டிருக்கவில்லை. ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று கிரியேற்றினினும் பொட்டாசியமும் பார்த்து, மூன்றாம் மாதத்துக்குப்பின் 24 மணித்தியாலக் கருவியும் கட்டிப் பார்த்தால்தான் பலன் தெரியும். நாடி ஒடுங்கவில்லை என்று பார்க்க இடையில் ஒரு ஸ்கான் எழுதுவார்கள். கிரியேற்றினின் காரணமில்லாமல் ஏறினாலோ இறங்கிய பிறசர் திடீரெனத் திரும்ப ஏறினாலோ அந்த ஸ்கானைத் தள்ளிப்போடாதீர்கள்.

எந்தக் கட்டத்திலும் 180/120-ஐத் தாண்டிய பிறசரோடு நெஞ்சு நோவோ, மூச்சு வாங்குவதோ, வாய் கோணுவதோ, பேச்சுக் குழறுவதோ, கண் மங்குவதோ சேர்ந்து வந்தால் வீட்டில் கருவியோடு இருக்கக் கூடாது. உடனே 1990.

ஆறாம் மாதம் மாமாவின் 24 மணித்தியாலச் சராசரி 158-இலிருந்து 144-க்கு வந்திருந்தது. அதில் எவ்வளவு நரம்பு சுட்டதால், எவ்வளவு கருவாடு குறைத்ததால் என்று பிரிக்க முடியாது என்றார் டொக்டர். ஐந்து குளிசையில் தலை சுற்ற வைத்துக்கொண்டிருந்த பிரசோசினை மட்டும் நிறுத்தினார். மற்ற நான்கும் காலையில் மூன்று, இரவில் ஒன்று என்று இன்னும் போகின்றன. அடுத்த கிளினிக் மாசி மாதம். அதற்கு முதல் கிழமை ஏழு நாளும் அளந்து எழுத, கொப்பியில் நான் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.